பிட்ஸ்பர்க்கின் பழைய கவுன்டி நீதிமன்றம்: நாம் நுழைவது அதன் அடித்தளத்தில்

மலைக்கோட்டை (இழை தொடங்கியவர்)

போன மாதம் எனக்கு ஜூரி டியூட்டிக்கு, அதாவது வழக்கு விசாரணையில் நடுவர் குழுவில் உட்கார, அழைப்பு வந்தது. பிட்ஸ்பர்க்கில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கிராண்ட் தெருவில் நடக்காத நாளில்லை. ஆனாலும் அலெகேனி கவுன்டி நீதிமன்றத்துக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

தெருவிலிருந்து உள்ளே போனதும் ஏதோ நிலவறைக்குள் வந்த மாதிரி இருந்தது. கட்டையான தூண்கள், தாழ்வான வளைவுகள். கையை உயர்த்தினால் கூரை எட்டிவிடுமோ என்று தோன்றியது. வெளியே அத்தனை உயரமாக நிற்கிற கட்டடத்துக்கு வாசல் ஏன் இப்படி என்று குழம்பிக்கொண்டே படியேறினேன். மேலே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். பெரிய படிக்கட்டு, அதைச் சுற்றி வளைவுக்குப் பின்னால் வளைவு. ஒரு வளைவு வழியாகப் பார்த்தால் இன்னும் இரண்டு தெரிகிறது. படியில் இரண்டடி நகர்ந்தால் காட்சி மொத்தமும் மாறிவிடுகிறது. பின்னால் வந்தவர் லேசாகத் தோளைத் தொட்டுத்தான் என்னை நகர்த்தினார்.

வாசலில் இருந்த வயதான காவலரிடம் கேட்டேன். "நீங்கள் வந்தது வாசல் இல்லை, அடித்தளம்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அவர் சொன்னது முழு உண்மை. நீதிமன்றம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் குன்று. 1758 செப்டம்பரில் மேஜர் ஜேம்ஸ் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அங்கே பிரெஞ்சுக்காரர்களிடமும் அவர்களோடு நின்ற பழங்குடி வீரர்களிடமும் தோற்றுப்போனார். அவர் பெயரால் அது கிராண்ட்ஸ் ஹில் ஆனது. நகரம் வளர வளர அந்த மேடு வண்டிகளுக்குப் பெரிய தொல்லை. ஊரார் அதை 'ஹம்ப்' என்றார்கள், அதாவது திமில். பல தடவை வெட்டிக் குறைத்தும் போதாமல், 1912-13ல் பெரிய வெட்டாக வெட்டினார்கள். நீதிமன்றத்து முன்னால் தெரு சுமார் 16 அடி இறங்கியது. கட்டடம் அங்கேயே நின்றது, தெரு கீழே போய்விட்டது. மண்ணுக்குள் இருந்த அடித்தளச் சுவர் வெளியே வந்தது. தலைவாசல் ஒரு மாடி உயரத்தில் தனியாக நின்றது.

முதலில் வெளியே ஒரு பெரிய படிக்கட்டு கட்டிச் சமாளித்தார்கள். பிறகு தெருவை அகலமாக்கியபோது அதையும் எடுத்துவிட்டார்கள். 1920களின் கடைசியில் கவுன்டியின் கட்டடக் கலைஞர் ஸ்டான்லி ரௌஷ் அடித்தளத்தையே வாசல் கூடமாக மாற்றினார். நான் நிலவறை என்று நினைத்தது அதைத்தான்.

இங்கே வேறு யாராவது உள்ளே போயிருக்கிறீர்களா? இதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சனைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நீலா

அருமையான இழை அண்ணா. முதலில் ஒரு சந்தேகம். கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரிதானே? மாவட்ட நீதிமன்றத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய கோட்டை?

மலைக்கோட்டை

ஏறக்குறைய மாவட்டம்தான் நீலா. அலெகேனி கவுன்டி 1788ல் உருவானது. நீதிமன்றம் மட்டுமல்ல, பத்திரப் பதிவு, வரி, கவுன்டி நிர்வாகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தது. கவுன்டி மன்றம் இன்றைக்கும் அங்கே 'கோல்டு ரூம்' என்கிற அறையில்தான் கூடுகிறது. அந்த ஊர் மக்களுக்கு அரசாங்கம் என்றால் இந்தக் கட்டடம்தான்.

கோட்டை மாதிரிக் கட்டியதற்குக் காரணம் உண்டு. இதற்கு முன்னால் அதே குன்றில் ஜான் சிஸ்லெட் வடிவமைத்த நீதிமன்றம் இருந்தது. 1840களின் தொடக்கத்தில் முடிந்த கட்டடம், கிரேக்கக் கோவில் மாதிரித் தூண்கள், மேலே குவிமாடம். அதை மணற்கல்லில் கட்டிவிட்டார்கள். பிட்ஸ்பர்க் காற்றில் நிலக்கரிப் புகை எவ்வளவு இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கல் மெல்ல மெல்லப் பொரிந்து உதிர ஆரம்பித்தது. 1882 மே 7ஆம் தேதி தீப்பிடித்து எரிந்தே போனது.

அதனால் அடுத்ததைக் கட்டும்போது இரண்டு பயம் இருந்தது: நெருப்பு, புகை. ஐந்து கட்டடக் கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். 1884 தொடக்கத்தில் பாஸ்டன் பக்கத்து ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் தேர்வானார். பாஸ்டன் டிரினிட்டி தேவாலயத்தால் அதற்குள் நாடு முழுக்கப் பெயர் எடுத்திருந்தவர். மாசசூசெட்ஸிலிருந்து மில்ஃபோர்டு கருங்கல் வந்தது. லேசான இளஞ்சிவப்பு ஓடுகிற கல். கட்டியதும் அங்கிருந்து வந்த நார்கிராஸ் சகோதரர்கள்தான்.

கல்தச்சன்

மலைக்கோட்டை சார், கல் என்று வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அப்பா, தாத்தா எல்லாரும் கல் வேலை. நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். வேலை விஷயமாக 2016ல் பிட்ஸ்பர்க் வந்தபோது ரோஸ் தெருவில், நீதிமன்றத்தோடு சேர்த்து ரிச்சர்ட்சன் வடிவமைத்த சிறையின் சுவருக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றேன்.

ரிச்சர்ட்சன் கல்லை நடத்திய விதம்தான் இந்தக் கட்டடத்தின் உயிர். சுவரில் பெரும்பாலான கற்களின் முகத்தை மழிக்கவே இல்லை. விளிம்பில் மட்டும் உளி ஓட்டி, கல்லும் கல்லும் சேருகிற இணைப்பை நேராக்கிவிட்டு, நடுவை உடைத்தது உடைத்தபடி முரடாக விட்டிருக்கிறார். கையை வைத்தால் மேடும் பள்ளமும் உள்ளங்கையில் அழுந்தும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு கல்லும் தனித்தனியே எழுந்து நிற்கும்.

அழகுக்காக மட்டும் இப்படிச் செய்யவில்லை. நுணுக்கமான சிற்ப வேலை செய்தால் அந்த இடுக்கெல்லாம் புகைக்கரி போய் உட்கார்ந்துகொள்ளும். பத்து வருஷத்தில் மூக்கு முகம் தெரியாது. முரட்டு முகம் கறுத்தாலும் முரட்டு முகமாகவே இருக்கும். அந்தக் கட்டடம் பல காலம் கன்னங்கரேல் என்றுதான் இருந்தது, ஆனாலும் அதன் உருவம் கெடவில்லை. புகை பிடித்த ஊருக்கென்றே யோசித்துக் கட்டியது அது.

சிறையின் வாசல் வளைவைப் பாருங்கள். சாதாரணமாக வளைவில் கற்கள் ஒரு அளவாக இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் நீள நீளமாக விசிறி மடிப்பு மாதிரி விரிகிறது. மேலே இருக்கிற சுவரின் பளு எப்படிப் பக்கவாட்டில் இறங்குகிறது என்பதைப் படம் போடாமலே காட்டுகிற வளைவு. என் மாணவர்களுக்கு அந்த ஒரு போட்டோவை வைத்துத்தான் பாடம் ஆரம்பிப்பேன்.

நீலா

படத்தில் பார்த்தேன். நடுக்கோபுரம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அத்தனை பெரிய கோபுரம் எதற்கு? மணியும் இல்லை போலிருக்கிறதே.

மலைக்கோட்டை

நீ இதைக் கேட்க வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். அந்தக் கோபுரம் கட்டடத்தின் மூக்கு!

தெரு மட்டத்தில் காற்று முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்தால் மேஜைமேல் இருக்கிற காகிதம் கறுத்துவிடும். அதனால் கோபுரத்தின் உச்சியிலிருந்து, புகை குறைவாக இருக்கிற உயரத்தில், காற்றை உள்ளே இழுத்தார்கள். அது கீழே இறங்கி, சூடாக்கப்பட்டு, சுவருக்குள் ஓடுகிற குழாய்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போகும். பழைய காற்று பின்பக்கத்தில் இருக்கிற இரண்டு சின்னக் கோபுரங்கள் வழியாக வெளியேறும். 1880களில் யோசித்தது இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நகரத்தின் கம்பீரம், உள்ளே வேலை செய்த குமாஸ்தாவுக்கு அதுதான் மூச்சு. ஒரே பொருள் இரண்டு வேலையும் செய்கிறது, அதைத்தான் நான் பெரிய கலை என்பேன்.

முற்றமும் அப்படித்தான். நம் ஊர்ப் பழைய வீடு மாதிரி, நான்கு பக்கம் கட்டடம், நடுவில் வானம் பார்த்த முற்றம். அறைகள் ஒரு பக்கம் தெருவையோ முற்றத்தையோ பார்த்து வெளிச்சம் வாங்கிக்கொள்கின்றன. நடுவில் இது பல வருஷம் கார் நிறுத்துமிடமாகக் கிடந்ததாம். 1970களில் மறுபடி மனிதர்கள் உட்காரும் தோட்டமாக மாற்றினார்கள். ஜூரி டியூட்டியில் மதிய இடைவேளைக்கு அங்கேதான் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். தெருச் சத்தம் துளிகூட இல்லை.

என் மனசை மிகவும் தொட்டது இன்னொன்று. ரிச்சர்ட்சன் இதை முழுதாகப் பார்க்கவில்லை. சிறுநீரக நோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1886 ஏப்ரல் 27ல், 47 வயதில் போய்விட்டார். சிறை அந்த வருஷம் முடிந்தது. நீதிமன்றம் 1888ல், கவுன்டியின் நூறாவது ஆண்டில் முடிந்தது. அவர் அலுவலகத்தில் இருந்த ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் மூன்று பேரும் அவர் வரைந்தபடியே கட்டி முடித்தார்கள். தான் செய்ததிலேயே இதுதான் பெரிது, பிட்ஸ்பர்க் முடியட்டும், அப்புறம் பேசட்டும் என்கிற பொருளில் அவர் கடைசி நாட்களில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

தெருவிளக்கு

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் ஒரு கேள்வி கேட்கட்டுமா? கல்தச்சன் சார் அரை மணி நேரம் நின்று பார்த்த சுவர், மனிதர்களை அடைத்து வைத்த சுவர். அந்தப் பக்கம் நின்று பார்ப்பதற்கும் உள்ளே இருந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தச் சிறையில் கூட்டம் அளவு மீறி, 1978ல் கூட்டரசு நீதிமன்றமே அங்குள்ள நிலைமை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சொன்னது. அதன் பிறகும் 1995 வரை ஆட்களை அங்கேதான் வைத்திருந்தார்கள். வளைவின் அழகைப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

கல்தச்சன்

நியாயமான கேள்வி, தம்பி. எனக்கும் அது தெரிந்தே இருக்க வேண்டியது. 1978 விஷயம் உங்கள் மூலமாகத்தான் அறிந்தேன், நன்றி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ரிச்சர்ட்சன் அந்தச் சிறையை அழகான மாளிகை மாதிரி வேஷம் போட்டுக் கட்டவில்லை. நடுவில் எண்கோணக் கூடம், அதிலிருந்து சிலுவை மாதிரிப் பிரிகிற பகுதிகள், சுற்றி உயரமான மதில். இது சிறை என்று தெருவில் போகிறவனுக்குச் சுவரே சொல்லிவிடுகிறது. உள்ளே நடப்பதைப் பூசி மறைக்காத சுவர் அது. பல கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் நீதிமன்றத்தைவிடச் சிறையை உயர்வாகச் சொல்வதும் இதனால்தான். நானும் அந்தப் பக்கம்.

மலைக்கோட்டை

தெருவிளக்கு சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன். நீதிமன்றத்தையும் சிறையையும் இணைக்கிற கல்பாலம் ஒன்று ரோஸ் தெருவுக்கு மேலே போகிறது. வெனிஸில் டோஜ் எனப்பட்ட ஆட்சித் தலைவரின் மாளிகையையும் சிறையையும் இணைக்கிற பாலத்தைப் பார்த்து அமைத்தது. அதற்கும் அதே பெயர்தான், 'பெருமூச்சுப் பாலம்'. தீர்ப்பு முடிந்ததும் கைதியை அதன் வழியாகத்தான் கூட்டிப்போவார்கள். போட்டோ எடுப்பவர்கள் அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அதில் நடந்தவர்களைப் பற்றி நினைத்தேன்.

அந்தச் சிறையிலிருந்து நடந்த ஒரு தப்பிப்பும் ஊரில் இன்னும் பேசப்படுகிறது. 1902 ஜனவரியில் எட், ஜாக் பிடில் என்று இரண்டு அண்ணன் தம்பிகள், கொலை வழக்கில் தூக்குத் தண்டனைக்காகக் காத்திருந்தவர்கள். சிறைத் தலைவரின் மனைவி கேட் சோஃபெல், நான்கு பிள்ளைகளின் தாய், கைதிகளுக்குப் பைபிள் வாசிக்கப் போவார். ரம்பமும் துப்பாக்கியும் உள்ளே கொண்டுபோனது அவர்தான். கம்பியை அறுத்து வெளியே வந்து, மூவரும் பனியில் சறுக்குவண்டியில் பட்லர் கவுன்டி வரை போனார்கள். மறுநாளே சுற்றி வளைத்துச் சுட்டார்கள். அண்ணன் தம்பி இருவரும் செத்துப்போனார்கள், கேட் பிழைத்துத் தண்டனை அனுபவித்தார். அத்தனை கருங்கல்லும் அப்படியே நின்றது. சிறைத் தலைவரின் குடும்பம் சிறையோடு ஒட்டிய வீட்டில் குடியிருந்தது, வழி திறந்தது அந்தப் பக்கமாகத்தான்.

வடமராட்சியான்

வணக்கம் எல்லாருக்கும். நான் டொரொண்டோவில இருந்து எழுதுறன். உந்தப் படங்களைப் பாத்த உடன எனக்கு எங்கட ஓல்ட் சிட்டி ஹோல்தான் ஞாபகம் வந்தது. தேடிப் பாத்தா சொந்தக்காரர்தான்!

பேர் சிட்டி ஹோல் எண்டாலும் அது நகரசபைக்கும் யோர்க் கவுன்டி நீதிமன்றத்துக்கும் சேர்த்துக் கட்டினது. ஈ. ஜே. லெனக்ஸ் எண்ட கட்டடக் கலைஞர். 1889ல தொடங்கி 1899ல திறந்தவை. ரிச்சர்ட்சன்ர பாணிதான்: முரட்டுக் கல், வட்ட வளைவு, பெரிய கோபுரம். எங்கட சனத்தில கனபேருக்கு அந்தக் கட்டடம் தெரியும், ட்ராஃபிக் டிக்கெட்டில இருந்து பெரிய வழக்கு வரை அங்கதான் போய் நிண்டவை. கோர்ட் இப்ப ஆர்மரி தெருவில புதுக் கட்டடத்துக்குப் போயிட்டுது.

மலைக்கோட்டை ஐயா சொன்ன மணற்கல் கதை இங்கயும் இருக்கு. லெனக்ஸ் மணற்கல்லில நிறையச் சிற்ப வேலை செய்தவர். கோபுரத்தில இருந்த பூதமுகங்கள் காத்திலயும் மழையிலயும் தேய்ஞ்சு, 1938ல கழட்டிப்போட்டினம். 2002லதான் வெண்கலத்தில செய்து திருப்பி வைச்சவை. கூரை இறவாணத்துக்குக் கீழ, சுத்திவர, ஒவ்வொரு எழுத்தாத் தன்ர பேரையும் செதுக்கி வைச்சிருக்கிறார் மனுசன். சபைக்காரர் பேர்ப்பலகை வைக்க விடேல்லையாம். 1960களில கடைத்தொகுதி ஒண்டுக்காக, மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தவிர மிச்சம் எல்லாத்தையும் இடிக்கப் பாத்தவை. சனம் எதிர்த்து நிண்டதால தப்பினது.

கல்தச்சன்

அண்ணே, அருமை! அதே பாணி, கல் மட்டும் வேறு, நாற்பது வருஷத்தில் பூதமுகம் போய்விட்டது. ரிச்சர்ட்சன் கருங்கல்லைப் பிடித்துக்கொண்டது எவ்வளவு தெளிவான முடிவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இனிமேல் பாடத்தில் இரண்டு படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

காவேரிக்கரை

நீண்ட நாளாகப் படிப்பவள், எழுதுவது இதுதான் முதல் தடவை. தெருவிளக்கு எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அந்தச் சிறையை 2000ல் குடும்ப நீதிமன்றமாக மாற்றினார்கள். என் குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்கிற வழக்கு அங்கேதான் நடந்தது. மூன்று முறை போனேன். முதல் முறை போகும்போது அது பழைய சிறை என்றே தெரியாது. மதில் வாசலில் நுழையும்போது அந்தக் கற்களைப் பார்த்து வயிறு கலங்கியது. கல்தச்சன் ஐயா சொல்கிற அதே வளைவு.

உள்ளே போனால் நடுக்கூடம் மேலே வரை திறந்து கிடக்கிறது. உயரத்தில் இருக்கிற ஜன்னல்களிலிருந்து வெளிச்சம் நீளமாக இறங்கி வருகிறது. காத்திருக்கிற நேரத்தில் என்னால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. அந்த வெளிச்சம் தரையில் நகர்வதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நினைவுக்காகச் சில பழைய சிறை அறைகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் முன்னால் போய் நின்றேன். கையை நீட்டினால் இந்தச் சுவரும் அந்தச் சுவரும் தொட்டுவிடும் போல இருந்தது.

தெருவிளக்கு சொல்வது சரி. ஆனால் இடித்திருந்தால் அந்த அறையை நான் பார்த்திருக்க மாட்டேன். அங்கே இருந்தவர்களை நினைத்திருக்கவும் மாட்டேன். வழக்கு முடிந்து மகள் இப்போது என்னிடம்தான் இருக்கிறாள்.

தெருவிளக்கு

அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. இடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, மறக்கக் கூடாது என்றுதான் சொன்னேன். அந்த அறைகளை விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததில் நிம்மதி.

நீலா

மகளோடு நன்றாக இருங்கள் அக்கா.

மலைக்கோட்டை அண்ணா, அக்டோபரில் கிளீவ்லாந்துக்கு வருகிறேன். ஒரு நாள் பிட்ஸ்பர்க் வந்தால் எங்கே ஆரம்பிப்பது?

மலைக்கோட்டை

காவேரிக்கரை, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். நான் இதுவரை சிறைப் பக்கம் உள்ளே போனதில்லை. இந்த வாரமே போகிறேன்.

நீலா, வேலை நாளில் வா, சனி ஞாயிறு உள்ளே விடமாட்டார்கள். முதலில் எதிர்ப்பக்கம் இருக்கிற ஃபிரிக் கட்டடத்தின் ஓரத்தில் நின்று கிராண்ட் தெரு முகப்பைப் பார். கீழே இருக்கிற தாழ்ந்த வாசல்களை விட்டுவிட்டு ஒரு மாடி மேலே கண்ணை உயர்த்து. பழைய தலைவாசலின் பெரிய வளைவுகள் தெரியும். அந்த உயரத்தில்தான் தெரு இருந்தது. ஃபிரிக் கட்டடமும் 1902ல் பழைய தெரு மட்டத்துக்குக் கட்டியதுதான், அதுவும் இதே மாதிரி உயரத்தில் மாட்டிக்கொண்டது.

பிறகு உள்ளே போய்ப் பெரிய படிக்கட்டில் மெதுவாக ஏறு, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நின்று திரும்பிப் பார். முற்றத்தில் பத்து நிமிஷம் உட்கார். அங்கிருந்து அண்ணாந்தால் மூக்குக் கோபுரம் தலைக்கு மேலே வரும். கடைசியாக ரோஸ் தெருப் பக்கம் வெளியே வந்து பாலத்துக்குக் கீழே நில். ஒரு பக்கம் நீதிமன்றச் சுவர், ஒரு பக்கம் சிறை மதில். மதிலில் கையை வைத்துப் பார்க்க மறக்காதே, கல்தச்சன் சார் சொன்ன மேடு பள்ளம் அப்படியே இருக்கிறது. வருகிற தேதியை ஒரு வாரம் முன்னால் சொல்லு, நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.